ஐந்தாம் கூட்டின் ராணி

பேச்சியம்மாள் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்தாள். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அம்மா பீடி சுற்றுகிறவள். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் பேச்சிதான்.

கல்லூரி ஆய்வகத்தில் அவள் பார்த்த உயிர்களெல்லாம் கண்ணாடிச் சாடியில் மிதந்தவை. தவளை வெளுத்துப் போயிருந்தது. தேளுக்குக் கொடுக்கு இல்லை. ரெக்கார்டு நோட்டை மூத்த மாணவியின் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். அவள் தனக்கு மூத்தவளின் நோட்டைப் பார்த்து எழுதியிருந்தாள்.

ஒருநாள் நாடித்துடிப்பு எண்ணும் பயிற்சி. பேச்சி தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். எண்பத்தொன்று வந்தது.

"எழுபத்திரண்டுதான் வரணும்" என்றார் ஆய்வக உதவியாளர்.

அடித்துவிட்டு எழுபத்திரண்டு என்று எழுதினாள். முழு மதிப்பெண் கிடைத்தது.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. உயிரோடு இருக்கிற ஏதாவது ஒன்றை, அது உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

கோடை விடுமுறையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆய்வகங்கள் உண்டு என்று கேள்விப்பட்டுத் துறைத்தலைவரிடம் போய்க் கேட்டாள். "அதெல்லாம் எம்.எஸ்ஸி. முடிச்சவங்களுக்கும்மா" என்றார் அவர். பேச்சி கேட்டுக்கொண்டு வந்து, தோழியின் செல்பேசியை வாங்கி இருபத்து மூன்று ஆராய்ச்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரே ஒருவர் பதில் போட்டார். இரண்டே வரி. "வாருங்கள். எட்டு வாரம் தங்கலாம், சாப்பாடு இங்கேயே."

அனுப்பியவர் பெயர் அமலோற்பவம். சுருக்கமாக அமலா.

மலையடிவாரத்தில் நான்கு அறைகள் கொண்ட ஓட்டுக் கட்டடம். அதுதான் ஆய்வு நிலையம். அமலோற்பவத்துக்கு முப்பத்தேழு வயது. காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். குளவிகளைப் பற்றி ஆராய்கிறவர். அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் சதக்கத்துல்லா என்ற இளைஞன் ஒருவன் இருந்தான். வேறு யாரும் இல்லை.

"வாங்க பேச்சியம்மாள். சாப்டீங்களா?" என்றார் அமலா.

இதுவரை எந்த ஆசிரியரும் அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை. பேச்சி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

மறுநாள் காலையில் கேட்டாள்.

"மேடம், ஆராய்ச்சி எப்ப ஆரம்பிக்கும்?"

அமலா ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஸ்டோர் ரூம் ஜன்னல் மேலே ஒரு குளவிக்கூடு தொங்கியது. சாம்பல் நிறம், காகிதம்போல. முக்காலியைக் கூட்டுக்கு எதிரே போட்டார்.

"உக்காருங்க. பன்னெண்டு மணிக்கு வரேன்."

பன்னிரண்டு மணிக்கு வந்தார்.

"என்ன பார்த்தீங்க?"

"குளவி மேடம்."

"எத்தனை?"

"ஒரு பத்து பதினஞ்சு இருக்கும்."

"சரி, சாப்பிட வாங்க."

அடுத்த நாளும் முக்காலி. அடுத்த நாளும் அதே கேள்வி.

"பதினேழு மேடம்."

"சரி, சாப்பிட வாங்க."

மூன்றாம் நாள் அமலா வருவதற்கு முன்பே பேச்சி எழுந்து எதிரே போனாள்.

"மேடம், நேத்து பதினேழுன்னு சொன்னேம்லா, அது தப்பு. பதினாறுதான். ஒண்ணு வெளிய போயிட்டு வந்துச்சு. அத ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

அமலா பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"இப்ப ஆரம்பிச்சிருச்சு. சாப்பிட வாங்க."

*

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. விடிகாலைக் குளிரில் குளவிகள் மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து, முதுகில் குண்டூசி முனையால் ஒரு பொட்டு நிறம் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அதுதான் அதன் பெயர். ராணிக்குச் சிவப்பு.

நான்காவது குளவி பேச்சியின் விரலில் கொட்டியது. அவள் கத்தவில்லை. இடுக்கியையும் விடவில்லை. பொட்டை வைத்து முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

அமலா அவள் கையைப் பிடித்துத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு முதல் கொட்டு மூக்குல" என்றார். "மறுநாள் அக்காவுக்குக் கல்யாணம். எல்லாப் போட்டோலயும் கைக்குட்டையோடதான் நிக்கறேன்."

பேச்சி அழுகையோடு சிரித்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் அந்தப் பதினாறும் அவளுக்குத் தெருக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன. சாப்பாட்டு நேரத்தில் அவற்றைப் பற்றித்தான் பேச்சு.

"ராணி ஒரு வேலயும் செய்யல மேடம். யாரையும் அதட்டவும் இல்ல. அது பாட்டுக்கு முட்ட போடுது, உக்காருது."

"நல்லாப் பார்த்திருக்கீங்க."

"நீலம் இருக்குல்லா, அது பாவம் மேடம். நாள் பூரா புழுவுக்கு ஊட்டிக்கிட்டே இருக்கு. மஞ்சள் ஒரு சோம்பேறி. மேல் விளிம்புல உக்காந்துக்கிட்டு அசையாது."

அமலா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவள் சொல்வதைக் கேட்பார். தான் சொல்வதை ஒருவர் இப்படிக் கேட்டு பேச்சி பார்த்ததில்லை. அதனால் இன்னும் கவனமாகப் பார்த்தாள்.

அமலாவின் ஆராய்ச்சி என்னவென்று சதக்கத்துல்லாதான் அவளுக்கு விளக்கினான்.

"ராணி இல்லாமப் போனா மத்ததுல ஒண்ணு ராணியாகும். எது ஆகும்? அதான் கேள்வி. புழுவுக்கு அதிகமா ஊட்டுறது எதுவோ, அதுதான் ஆகும்னு மேடம் சொல்றாங்க. அஞ்சு வருஷ உழைப்பு. நாலு கூட்டுல அப்படியே வந்திருக்கு. உன் கூடு அஞ்சாவது. அதுலயும் வந்துட்டா கட்டுரை எழுதிடலாம்."

"எப்படிப் பாப்பீங்க?"

"விடிகாலையில ராணியைப் பிடிச்சு ஒரு டப்பாவுல வச்சிடுவோம். கொஞ்ச நேரத்துல ஒரு குளவி எந்திரிச்சு மத்ததையெல்லாம் விரட்டிக் கடிக்க ஆரம்பிக்கும். அதுதான் அடுத்த ராணி. சாயங்காலம் பழைய ராணியைத் திரும்ப விட்டா எல்லாம் அடங்கிடும்."

"அப்ப நம்ம கூட்டுல நீலமா?"

"நீலம்தான்."

*

அந்த நாள் வந்தது. அமலாவின் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று மதுரையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. அவர் போகும்போது பேச்சியின் தோளைத் தொட்டு, "நீங்க பார்த்துக்குவீங்க" என்றார்.

சதக்கத்துல்லா சிவப்பைப் பிடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு கூட்டைப் பார்க்க மலைப்பக்கம் போய்விட்டான். பேச்சி முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மஞ்சள் இறங்கியது.

மேல் விளிம்பிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்து, வெள்ளையின் காலைக் கடித்தது. பச்சையின் மேல் ஏறி அமுக்கியது. கூடு முழுவதும் ஓடியது. எதிரே வந்ததெல்லாம் தலையைத் தாழ்த்தியது. நீலம் ஒரு ஓரத்தில், ஒன்றுமே நடக்காததுபோல், புழுவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

பேச்சி முக்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

நீலம்தானே வர வேண்டும்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். மஞ்சள். ஒருவேளை நிறம் மாற்றிப் பொட்டு வைத்துவிட்டேனோ. கொட்டு வாங்கிய அன்று வைத்ததுதானே. மேடம் ஐந்து வருஷம் பார்த்திருக்கிறார். நான் வந்து ஐந்து வாரம். என் கூட்டில் மட்டும் எப்படி மாறும்? நான்தான் எங்கேயோ தப்புச் செய்திருக்கிறேன். தெரிந்தால் இனிமேல் எங்கள் கல்லூரியிலிருந்து யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

ரெக்கார்டு நோட்டில் எத்தனையோ தடவை செய்ததைக் கை தானாகவே செய்தது. 'நீலம் கடித்தது' என்று எழுதினாள். மதியம்வரை மஞ்சளைப் பார்த்தாள், நீலம் என்று எழுதினாள். எழுபத்து நான்கு தடவை.

மறுநாள் மாலை அமலா வந்தார். பேருந்து நிறுத்தத்திலிருந்து நேராக நோட்டைத் தேடித்தான் போனார். நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அஞ்சாவதும்" என்றார்.

பிறகு பேச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கட்டுரையில உங்க பேரும் வரும். இனிஷியல் என்ன?"

"மா."

"மா. பேச்சியம்மாள்" என்று ஒரு தாளில் தன் பெயருக்குக் கீழே எழுதிக் காட்டினார்.

அன்று அம்மாவிடம் போனில் பேசும்போது பேச்சி தெரியாமல் வாயை விட்டுவிட்டாள். மடியில் பீடித்தட்டோடு அம்மா கேட்டாள்: "பேப்பர்ல பேரு வருதா? எந்தப் பேப்பர்ல?" அரைமணி நேரத்தில் தெருவே அதைத் தெரிந்துகொண்டது.

இரண்டு நாள் பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று அமலா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கை பட்டதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

மூன்றாம் நாள் மதியம், குழாயடியில் தட்டுக் கழுவும்போது சொன்னாள்.

"மேடம், நான் பாத்தது நீலம் இல்ல. மஞ்சள். நீலம்னு நானாத்தான் எழுதினேன்."

அமலா குழாயை மூடினார்.

"எத்தனை இடத்துல?"

"எல்லா இடத்துலயும்."

அமலா கையைத் துடைத்துக்கொண்டு கூடு இருக்கும் பக்கம் நடந்து போனார். முதுகு மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றார். பேச்சி ஈரத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டுவார், போகச் சொல்வார், பெயரை அடித்துவிடுவார். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தாள்.

அமலா திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"மஞ்சள் என்ன செஞ்சுது?" என்று கேட்டார்.

"மேடம்?"

"அன்னிக்கு. முதல்லேர்ந்து சொல்லுங்க."

பேச்சி சொல்லத் தொடங்கினாள். முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு தன்னை மறந்து. விளிம்பிலிருந்து இறங்கியது, வெள்ளையின் காலைக் கடித்தது, பச்சையின் மேல் ஏறியது. அமலா இடையிடையே கேட்டார். "முன்னங்காலா, பின்னங்காலா?" "நீலத்தைக் கடிச்சுதா?" "ஒரு தடவைகூடவா இல்லை?" சிவந்த கண்ணில் வேறு ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

சொல்லி முடித்ததும் அமலா உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். அந்த நாளின் பக்கங்களின் குறுக்கே, எழுத்து மறையாதபடி, ஒவ்வொரு கோடு போட்டார். கீழே 'சேர்க்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் கையெழுத்து.

"உங்க கையெழுத்தை ஏன் மேடம் போடுதீங்க? தப்பு என்னுதுல்லா."

"நீலம் வரும், நீலம் வரும்னு அஞ்சு வாரமா உங்க காதுபடப் பேசினது நாங்கதானே?"

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் ஊருக்குப் போயிருதேன் மேடம்."

"கூட்டை யாரு பார்க்கறது?" என்றார் அமலா. "ராணிக்குப் பத்து நாள் ஓய்வு குடுக்கணும். அப்புறம் மறுபடி செய்யணும். தட்டை வச்சிட்டு வாங்க."

அந்தப் பத்து நாளும் அமலா எப்போதும்போலவே இருந்தார். 'சாப்டீங்களா' என்று கேட்டார். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று பேச்சிக்குப் பட்டது. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். "அந்த டீச்சரு உன்ன அடிச்சாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு அழுத?"

*

பத்தாம் நாள் விடிந்ததும் சதக்கத்துல்லா ராணியைப் பிடித்து டப்பாவில் போட்டான். பேச்சி முக்காலியோடு வந்தபோது அங்கே இன்னொரு முக்காலி கிடந்தது. அமலா உட்கார்ந்திருந்தார். கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு.

"இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க மேடம். தெரியாதுல்லா."

"நீங்க பாருங்க. பார்த்ததைச் சொல்லுங்க. நான் எழுதறேன்."

"நீங்களே பாக்கலாமே."

"எனக்கு நீலம் வரணும்னு ஆசை இருக்கு" என்றார் அமலா. "இன்னும் இருக்கு. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டுப் பார்த்தா நீலம்தான் தெரியும்."

பேச்சி உட்கார்ந்தாள். எதிரெதிரே இரண்டு பேர். ஒருவர் பார்ப்பது கூடு. இன்னொருவர் பார்ப்பது அவள் முகம்.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் மேல் விளிம்பு அசைந்தது.

எதிரே அமலாவின் பென்சில் தாளைத் தொட்டபடி காத்திருந்தது. ஐந்து வருஷம் அந்தப் பென்சில் முனையில் இருந்தது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் இந்த முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷம் திரும்ப வரும். கூட்டுப்பக்கம் அவர் திரும்பவே மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க" என்றார் அமலா.

"மஞ்சள்" என்றாள் பேச்சி. "இறங்கி வருது."

பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

"வெள்ளையக் கடிக்கு. முன்னங்கால்."

எழுதியது.

"நீலம்?" என்று கேட்டார் அமலா.

"புழுவுக்கு ஊட்டுது."

எழுதியது.

மதியம்வரை அப்படியே போனது. அறுபத்தெட்டுத் தடவை மஞ்சள். நீலம் ஒரு தடவையும் இல்லை. அமலா ஒரு தடவையும் திரும்பவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். சதக்கத்துல்லா டீ கொண்டுவந்து கொடுத்தான். நோட்டை எட்டிப் பார்த்தான். ராணியின் டப்பாவைப் பார்க்கப் போனான்.

பேச்சி மெல்லக் கேட்டாள்.

"அஞ்சு வருஷம் போச்சா மேடம்?"

"கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றார் அமலா. டீயை ஆற விட்டு, ஆறியபின் குடித்தார். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகுதான் திரும்பிக் கூட்டைப் பார்த்தார். மஞ்சள் நடுவில் நின்றது. மற்றவை அதைச் சுற்றித் தலை தாழ்த்தி இருந்தன. அமலா ரொம்ப நேரம் பார்த்தார். உதட்டோரம் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அழகா இருக்கால்ல" என்றார்.

"சோம்பேறின்னு நெனச்சேன் மேடம்."

"நான் அவளை நெனைக்கவே இல்லை. அந்த நாலு கூட்டையும் நான் தனியா உக்காந்து பார்த்தேன். எல்லாத்தையும் மறுபடி பார்க்கணும். இந்தத் தடவை வேற ஆள் பார்த்துச் சொல்லணும்."

பேச்சிக்கு இன்னும் நான்கு நாள்தான் பாக்கி. அதற்குப் பிறகு கல்லூரி திறந்துவிடும். பத்து நாளாக நெஞ்சில் வைத்திருந்ததை அப்போது கேட்டாள்.

"மேடம், நான் ஒருக்கா பொய் எழுதினவ. என்ன நம்பி எப்படித் திரும்பி உக்காந்தீங்க?"

அமலா காலி டம்ளரைத் தரையில் வைத்தார்.

"நீங்க பார்த்ததுல அன்னிக்கும் பொய் இல்லையே, பேச்சி. எழுதினதுலதான். அதனாலதான் இன்னிக்கு எழுதற வேலையை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டு நோட்டையும் பென்சிலையும் அவள் மடியில் வைத்தார்.

"நாளைக்கு ரெண்டையும் நீங்களே செய்யுங்க. சாப்பிட வாங்க."